பையன்களின் பட்டியலை நான் ஏன் கொடுக்கவில்லை



இனிப்பு நீர் உள்ளவர்கள் பாதத்தைப் பாதுகாப்பது எப்படி என்று இந்த இதழில் எழுதுவதாகச் சென்ற முறை வாக்குக் கொடுத்திருந்தேன். அதைத் தள்ளி வைக்க வேண்டியதாகிவிட்டது. பொறுத்துக்கொள்ளுங்கள். எங்கள் தோட்டத்தில் கிளம்பியிருக்கும் ஒரு விஷயம் சில நாட்களாக என்னைத் தூங்கவிடவில்லை. அது எங்கள் தோட்டத்துக்கு மட்டும் உரியதல்ல என்பதால் இங்கே எழுதுகிறேன்.

ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறையில் ‘போதை ஒழிப்பு வாரம்’ நடத்த ஏற்பாடாகிறது. சங்கக் கிளை, கோயில் கமிட்டி, தோட்ட நிர்வாகம் மூன்றும் சேர்ந்து 3,000 வெள்ளி ஒதுக்க இணங்கியிருக்கின்றன. இந்த மூன்று தரப்பும் ஒரே மேசையில் உட்கார்ந்து ஒரு காரியத்துக்குத் தலையாட்டுவது எங்கள் பக்கம் அபூர்வம். அந்த அளவில் மகிழ்ச்சியே. திட்டம் என்னவென்றால், முதல் நாள் மண்டபத்தில் கண்காட்சியும் சொற்பொழிவும். அழுகிப்போன நுரையீரல் படங்கள், சிறைக்குப் போய் வந்த ஒருவரின் பேச்சு, கடைசியில் எல்லாரும் கையை நீட்டி உறுதிமொழி. அதன் பிறகு தோட்டத்தில் ‘வழி தவறிய’ பன்னிரண்டு பையன்களைப் பொறுக்கியெடுத்து மூன்று நாள் முகாமுக்கு அனுப்புவது. அந்தப் பன்னிரண்டு பேரின் பெயர்களை எழுதித் தரும் வேலை எனக்கு.

“யாரு என்னா பண்றான்னு டிரெசருக்குத்தான் தெரியும். பேரை மட்டும் எழுதிக் குடுங்க, மத்ததை நாங்க பாத்துக்கிறோம்” என்றார் கிளைச் செயலாளர்.

நான் கொடுக்கவில்லை. இதனால் எனக்குக் கெட்ட பெயர். டிரெசர் கும்பலுக்குப் பயப்படுகிறார் என்று ஒரு பேச்சு. தனக்கு வேண்டிய வீட்டுப் பையனைக் காப்பாற்றுகிறார் என்று இன்னொரு பேச்சு. இவற்றுக்கெல்லாம் பதில் சொல்லிக்கொண்டிருக்க நேரமில்லை. ஆனால் ஒரு தாய் வந்தார். பதினைந்து வயது மகன், பாரம் மூன்று. கணவருக்குக் குலை வெட்டு. இந்த அம்மாவுக்குப் பட்டணத்துத் தொழிற்சாலையில் இரவு வேலை. தூக்கமில்லாத கண்ணோடு மருந்துக் கொட்டகைக்கு வந்து, “டிரெசர் ஐயா, என் மவன் பேரை முதல்ல எழுதுங்க. எங்கயாச்சும் கொண்டு போய்த் திருத்திக் கொண்டாங்க” என்று அழுதார். அவருக்கு மட்டும் நான் பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். இந்தக் கட்டுரை அவருக்கு எழுதுவதாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

பையன்கள் சட்டையைத் தூக்கி என்னிடம் காயத்தைக் காட்டுகிறார்கள் என்றால், இவர் வெளியே சொல்ல மாட்டார் என்ற நம்பிக்கையில்தான். அந்த நம்பிக்கை ஒரு முறை போய்விட்டால், அப்புறம் சீழ் பிடித்த பிறகுதான் வருவார்கள். இது ஒரு காரணம். முழுக் காரணம் இதுவல்ல. பட்டியல் கொடுத்துப் பார்த்தவன் நான்.

2014-இல் வேறொரு தோட்டத்தில் இருந்தேன். அங்கேயும் இப்படித்தான் ஒரு முகாம். ஒன்பது பேர் வேண்டும் என்றார்கள். எட்டுப் பெயர் எழுதிவிட்டேன். எல்லாரும் தெரிந்த பெயர்கள்தான். ஒன்பதாவதுக்கு ஆள் இல்லை. வேனில் ஓர் இடம் காலியாகப் போகிறதே என்று, பதினான்கு வயதுப் பையன் ஒருவனைச் சேர்த்தேன். அவன் செய்த குற்றம், சில நாட்கள் பள்ளிக்கு மட்டம் போட்டதும் கோயிலுக்குப் பின்னால் ஒரு சிகரெட் பிடித்ததும். நல்லதுதானே, போய் வரட்டும் என்று நினைத்தேன்.

நான்கு நாள் முகாம். நடத்தியவர்கள் நல்லெண்ணம் உள்ளவர்களே. அதில் எனக்குச் சந்தேகமில்லை. காலையில் உடற்பயிற்சி, பகலில் அறிவுரை, சமய வகுப்பு எல்லாம் நடந்திருக்கிறது. ஆனால் இரவு இருக்கிறதே! பல தோட்டத்துப் பதினாறு, பதினேழு வயதுப் பையன்களோடு ஒரே அறையில் நான்கு இரவு. பகலில் படித்ததை அவன் எனக்குச் சொல்லவே இல்லை. இரவில் கேட்ட கதைகளைத்தான் சொன்னான், கண் பளபளக்க. திரும்பி வந்த ஆறு மாதத்துக்குள் கையில் ஓர் எண்ணைப் பச்சை குத்திக்கொண்டிருந்தான். அது எந்த எண் என்பது நம் தோட்டங்களில் எல்லாருக்கும் தெரியும், எழுத வேண்டியதில்லை. 2017-இல் மூன்று பேர் ஏறிய மோட்டாரில் போய், நெடுஞ்சாலையில் முடிந்துவிட்டான்.

முகாம்தான் அவனைக் கொன்றது என்று சொல்ல மாட்டேன். அப்படிச் சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை. ஆனால் அந்த ஒன்பதாவது பெயரை எழுதிய கை இது.

பிறகுதான் இதைப் பற்றிப் படிக்கத் தொடங்கினேன். படித்தபோது வெட்கமாக இருந்தது. ஏனென்றால் நான் செய்த தவறை உலகத்தில் வேறு பலர் எனக்கு முன்னாலேயே செய்து, எண்ணி, எழுதியும் வைத்திருக்கிறார்கள்.

அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 1939-இல் ஒரு பெரிய முயற்சி தொடங்கியது. ஏழைப் பகுதிகளைச் சேர்ந்த சுமார் ஐந்நூறு சிறுவர்கள். சீட்டுக் குலுக்கிப் போடுவதுபோல் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு ஆண்டுக் கணக்கில் உதவி: வீட்டுக்கு வந்து பார்க்கும் ஆலோசகர், மருத்துவம், பாட உதவி, கோடைக்கால முகாம். மறு பாதிக்கு ஒன்றுமில்லை. முப்பது ஆண்டுகள் கழித்து ஜோன் மெக்கார்ட் என்ற அம்மையார் அவர்களைத் தேடிப் பிடித்துக் கணக்கெடுத்தார். உதவி பெற்றவர்களின் நிலைமை, பெறாதவர்களைவிடச் சில வகையில் மோசமாக இருந்தது! இன்னும் நுணுகிப் பார்த்தபோது, ஒரு முறைக்கு மேல் கோடை முகாமுக்குப் போனவர்களிடத்தில்தான் அந்தக் கெடுதல் அதிகமாகத் தெரிந்தது.

ஓரிகன் மாநிலத்தில் தாமஸ் டிஷியன் என்ற ஆய்வாளர் இதே வழியில் போனார். தொல்லை தரும் பிள்ளைகளைச் சிறு குழுவாக உட்கார வைத்து, ‘எப்படி மறுப்பது, எப்படிக் கோபத்தை அடக்குவது’ என்று சொல்லிக் கொடுத்தார்கள். அந்தக் குழுப் பிள்ளைகளிடம் பின்னர் புகைப்பழக்கம் கூடியிருந்தது. பெற்றோரை மட்டும் அழைத்துப் பயிற்சி கொடுத்த குடும்பங்களிலோ நல்ல மாற்றம். காரணத்தையும் கண்டுபிடித்தார்கள். பையன்கள் தங்களுக்குள் பேசுவதைப் படம் பிடித்துப் பார்த்தபோது, ஒருவன் தான் செய்த வம்பைச் சொன்னால் மற்றவர்கள் சிரிக்கிறார்கள். பள்ளியைப் பற்றியோ வேலையைப் பற்றியோ சொன்னால் சிரிப்பில்லை. அந்தச் சிரிப்புத்தான் அங்கே கூலி. எந்தக் கதைக்குக் கூலி கிடைக்கிறதோ அந்தக் கதையைத்தானே பையன் மறுபடியும் சொல்வான்? சொல்லக் கதை வேண்டுமென்றால் செய்யவும் வேண்டும்.

ஆகவே, பன்னிரண்டு பேரைத் தேடிப் பிடித்து ஒரே அறையில் மூன்று இரவு படுக்க வைப்பதற்கு நம் சொந்தப் பணத்தைச் செலவழிப்பதா? எனக்குச் சம்மதமில்லை.

சரி, கண்காட்சி என்ன பாவம் செய்தது என்பீர்கள். அதிலும் எனக்கு ஓர் அனுபவம் உண்டு. 2011-இல், வேலைக்கு வந்த புதிதில், ஆர்வக் கோளாறில் பசை முகர்வது பற்றி ஒரு சொற்பொழிவு செய்தேன். கடையில் கிடைக்கும் டின்னையே கொண்டு வந்து மேசையில் வைத்து, இது மூளையை எப்படிக் கெடுக்கும், ஈரலை எப்படிக் கெடுக்கும் என்று ஒரு மணி நேரம் முழங்கினேன். பலத்த கைதட்டல். பொன்னாடை வேறு. இரண்டு வாரத்துக்குள் மூக்கைச் சுற்றிப் புண்ணோடு மூன்று பையன்கள் வந்தார்கள். அதில் இருவர் அதற்கு முன் அதைத் தொட்டதே இல்லை. எந்த டின், எந்தக் கடை என்று அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தது யார் என்று உங்களுக்கே புரியும்.

பயமுறுத்தினால் திருந்துவார்கள் என்பது நம் எல்லாருக்கும் உள்ள நம்பிக்கை. அமெரிக்காவில் நியூ ஜெர்சி மாநிலத்து ராவே சிறைக்குப் பையன்களைக் கூட்டிப் போய், ஆயுள் கைதிகளை விட்டு மிரட்டச் செய்தார்கள். 1978-இல் அதைப் படமாக எடுத்து வெளியிட, நாடு முழுக்க அதைப் பார்த்து நகல் எடுத்தார்கள். பிறகு முறையாகச் சோதனை செய்து பார்த்தபோது, சிறையைப் பார்த்து வந்த பையன்கள்தான் பார்க்காதவர்களைவிட அதிகமாகக் குற்றத்தில் இறங்கியிருந்தார்கள். 1983-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் போலீஸ்காரர்களே வகுப்புக்குப் போய்ப் போதைப்பொருள் பற்றிப் பாடம் நடத்தும் ஒரு திட்டம் தொடங்கி, பல நாடுகளுக்குப் பரவியது. அதுவும் பல ஆய்வுகளில் சோப்பு நுரையாகத்தான் முடிந்தது. பிள்ளைகளுக்குப் பிடித்திருந்தது, பழக்கம் குறையவில்லை. நம் நாட்டிலும் 2004-இல் தொடங்கிய ‘தாக் நாக்’ விளம்பரங்களை எல்லாரும் பார்த்தோம். அந்தப் பலகைக்குக் கீழேயே நின்று புகைத்தவர்களையும் பார்த்தோம்.

பிள்ளைகளுக்கு ஆபத்துத் தெரியாது, நாம் சொன்னால் தெரிந்துகொள்வார்கள் என்று நினைக்கிறோம். அங்கேதான் தப்பு. பல ஆபத்துகளைப் பதின்ம வயதினர் உண்மையில் இருப்பதைவிடப் பெரிதாகவே கணக்கிடுகிறார்கள் என்று ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். புற்றுநோய் வரும் என்று தெரியும், தெரிந்தேதான் இழுக்கிறார்கள். என்னிடம் ஒரு பையன் சொன்னான்: “தெரியும் அங்கிள். ஆனா அந்த நேரத்துல அது ஞாபகத்துக்கு வராது.” எந்தப் புத்தகத்திலும் இதைவிடத் தெளிவாக எழுதியிருக்க நான் பார்க்கவில்லை.

‘அந்த நேரம்’ எது? அதைக் கண்டுபிடித்தால் பாதி வேலை முடிந்தது.

பிலடெல்ஃபியா நகரில் லாரன்ஸ் ஸ்டைன்பெர்க், மார்கோ கார்ட்னர் என்ற இருவர் 2005-இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். கம்ப்யூட்டரில் கார் ஓட்டும் விளையாட்டு. மஞ்சள் விளக்கு எரிகிறது, நிறுத்துவதா, பாய்வதா? 13 முதல் 16 வயதுப் பிள்ளைகள், 18 முதல் 22 வயதினர், 24 வயதுக்கு மேற்பட்டவர்கள் என மூன்று கூட்டம். தனியாக உட்கார்ந்து ஆடும்போது மூன்று கூட்டத்துக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. கூட்டாளிகள் பின்னால் நின்று பார்க்கும்போது, பெரியவர்கள் முன்போலவே ஆடினார்கள். பிள்ளைகளோ இரண்டு மடங்கு ஆபத்தில் இறங்கினார்கள்.

இதற்கு நமக்குப் பிலடெல்ஃபியா தேவையில்லை. நம் செம்பனைக் காட்டுச் சாலையில் நின்று பாருங்கள். அம்மாவுக்கு மருந்து வாங்கத் தனியாக மோட்டாரில் போகும் பையன், சந்திப்பில் காலை ஊன்றி, இரண்டு பக்கமும் பார்த்துத்தான் போகிறான். அதே பையன், அதே மோட்டார். பின்னால் இரண்டு பேர் ஏறி, பக்கத்தில் இன்னொரு மோட்டார் உறுமினால் படுத்துக்கொண்டு ஓட்டுகிறான். புத்தி கெட்டுப் போய்விட்டதா? இல்லை. அந்த வயதில் கூட்டாளியின் பார்வை சாராயம் மாதிரி வேலை செய்கிறது.

இதை வைத்துக்கொண்டு சில நாடுகள் உருப்படியான காரியம் செய்திருக்கின்றன. நியூசிலாந்தில் 1987 முதல், புதிதாக உரிமம் எடுத்த இளையவர் இரவில் தனியாக ஓட்டவும், கூட்டாளிகளை ஏற்றிக்கொண்டு ஓட்டவும் கட்டுப்பாடு. ‘வேகமாக ஓட்டாதே’ என்று பாட்டுப் பாடவில்லை. பார்க்கும் கண்களைக் குறைத்தார்கள். விபத்தும் குறைந்தது. இங்கே பி2 உரிமத்துக்குப் பதினாறு வயது ஆக வேண்டும் என்பது சட்டம். நம் லயத்தில் பதின்மூன்று வயதுப் பையன் கையில் சாவி இருக்கிறது. பெற்றோர்களே, குறைந்தபட்சம் சாவியை உங்கள் இடுப்பில் வையுங்கள். உரிமம் எடுத்த பிள்ளையாக இருந்தாலும், இரவில் பின்னால் ஆள் ஏற்றாதே என்று ஒரு நிபந்தனை போடுங்கள். ஹெல்மெட் பற்றி நான் இதுவரை எழுதியதையெல்லாம்விட இந்த ஒரு நிபந்தனை அதிகப் பிள்ளைகளைக் காப்பாற்றும் என்று நினைக்கிறேன்.

அதே ஸ்டைன்பெர்க் கூட்டத்தார் 2016-இல் இன்னொன்று வெளியிட்டார்கள். 18 முதல் 22 வயது இளைஞர்கள் கூட்டமாக இருக்கும்போது, அவர்களைவிடச் சற்று மூத்த, 25 முதல் 30 வயதுக்குள் உள்ள ஒருவர் கூட இருந்தால், அந்தக் கூட்டாளி மயக்கம் தெளிந்துவிடுகிறது. தனியாக இருப்பவனைப் போலவே நிதானமாக முடிவெடுக்கிறார்கள். கிழவனும் வேண்டாம், போலீசும் வேண்டாம். ஓர் அண்ணன் போதும். நம் திடலில் முன்பு அப்படி அண்ணன்மார்கள் இருந்தார்கள். வேலை முடிந்து குளித்துவிட்டு, ஆறு மணிக்குப் பந்தோடு வருவார்கள். சின்னப் பையன் கெட்ட வார்த்தை பேசினால் தலையில் ஒரு குட்டு. இப்போது அந்த வயதினர் எல்லாரும் சிங்கப்பூரிலோ, ஜொகூர் தொழிற்சாலையிலோ, கிள்ளானிலோ இருக்கிறார்கள். திடலில் புல் முட்டியளவு நிற்கிறது.

என் பதிவேட்டைப் புரட்டினேன். பதின்மூன்று முதல் பதினேழு வயதுப் பிள்ளைகள் அடிபட்டு, வெட்டுப்பட்டு, மயங்கி வந்த நேரங்களைப் பார்த்தேன். பெரும்பாலும் மாலை மூன்று மணிக்கும் இரவு எட்டு மணிக்கும் இடையில். அமெரிக்கப் போலீஸ் கணக்கிலும் பள்ளி நாட்களில் சிறார் அடிதடி உச்சத்துக்குப் போவது பள்ளி விட்ட உடனே வரும் மணிகளில்தான். பள்ளி வேன் இரண்டரை மணிக்குப் பிள்ளையை இறக்கிவிடுகிறது. அப்பா காட்டில், அல்லது கூடுதல் வேலையில். அம்மா இரவு வேலைக்காகத் தூங்குகிறார், இல்லை கிளம்பிவிட்டார். பாட்டி இருந்தால் தொடர் நாடகம். அந்த ஐந்து மணி நேரத்துக்கு நம் தோட்டத்தில் சொந்தக்காரர் யாரும் இல்லை. சம்சு விற்பவனுக்கும், வேப் விற்பவனுக்கும், கெத்தும் தண்ணீரைப் பொட்டலம் கட்டி விற்பவனுக்கும் அது நன்றாகத் தெரியும்.

ஐஸ்லாந்து என்று ஒரு குளிர் நாடு. 1998-இல் அங்கே பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளைகளில் 100-க்கு 42 பேர் கடந்த ஒரு மாதத்துக்குள் போதையேறக் குடித்திருந்தார்கள். 2016-இல் அது 100-க்கு 5 ஆகக் குறைந்தது. தினமும் சிகரெட் பிடிப்பவர்கள் 23-இலிருந்து 3. அவர்கள் என்ன செய்தார்கள்? பிள்ளைகளை ஆண்டுதோறும் கேட்டுக் கணக்கெடுத்தார்கள். ஒழுங்காக நடக்கும் விளையாட்டு, இசை வகுப்புகளுக்குப் பணம் போட்டார்கள்; தலைநகரில் அதற்கென்று குடும்பங்களுக்கு மானிய அட்டையே கொடுத்தார்கள். பெற்றோர்களைக் கூட்டி, எல்லா வீட்டிலும் ஒரே நேரத்துக்குப் பிள்ளை வீட்டுக்கு வர வேண்டும் என்று உடன்பாடு செய்யவைத்தார்கள். இரவில் பெற்றோர்களே தெருவில் நடந்து பார்த்தார்கள். இதே காலத்தில் ஐரோப்பாவில் வேறு சில நாடுகளிலும் பிள்ளைகளின் குடிப்பழக்கம் குறைந்தது உண்மை. ஆகவே எல்லாப் புகழையும் இந்தத் திட்டத்துக்கே கொடுத்துவிட முடியாது. ஆனாலும் அந்த இறக்கம் சாதாரணமானதல்ல. அவர்களிடம் பணம் இருக்கிறது, நம்மிடம் இல்லை என்று உடனே சொல்லாதீர்கள். நம்மிடம் 3,000 வெள்ளி இருக்கிறது.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். பந்து, வலை, புல்வெட்டும் கூலிக்கு 300. மீதி 2,700. தோட்டத்தில் இன்னும் இருக்கும் இருபத்தைந்து வயதுப் பையன்கள் இரண்டு பேரைப் பிடித்து, வாரம் நான்கு மாலை, ஆளுக்கு ஒரு மாலைக்குப் பத்து வெள்ளி தேநீர்ச் செலவு கொடுத்தால் வாரத்துக்கு 80. முப்பத்து மூன்று வாரத்துக்கு வரும். பள்ளி ஆண்டின் பெரும்பகுதி. குழந்தைகள் குறைந்து பூட்டிக் கிடக்கும் ஆயாக் கொட்டகையை நிர்வாகம் திறந்துவிட்டால், மழை நாளுக்கும் பாடம் படிக்கவும் இடமாகும். திடலுக்கு ஒரு விளக்கு. அவ்வளவுதான் நான் கேட்பது.

இடத்தைத் திறந்துவிட்டு கேரம் பலகை ஒன்றைப் போட்டுவிட்டால் போதும் என்றும் நினைக்கக் கூடாது. சுவீடனில் அப்படி இளைஞர் நிலையங்கள் உண்டு. வரலாம், போகலாம், கேட்பார் இல்லை. 2000-ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வில், அந்த நிலையங்களில் பொழுது போக்கிய பிள்ளைகளிடம் தொல்லைகள் அதிகமாகவே இருந்தன. ஒரு பெரியவர் முன்னின்று, நேரம் வகுத்து, ஒரு திறமையைக் கற்றுத் தரும் கூட்டங்களுக்குப் போன பிள்ளைகளிடம் அது குறைவு. கோயில் உறுமி மேளக் குழு இருக்கிறதே, அதையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆசான் நின்று கற்றுக் கொடுக்கும் நாளில் பையன்கள் ஒழுங்காக இருக்கிறார்கள். ஆசான் வராத நாளில் மேளத்துக்குப் பின்னால் பாட்டில் வருகிறது. பையன்கள் அதே பையன்கள்.

இது எல்லாப் பிள்ளைகளுக்கும் பொதுவாக இருக்க வேண்டும். ‘போதை ஒழிப்பு’ என்று பெயர் வைக்க வேண்டாம். மாலை விளையாட்டு என்று சொன்னால் போதும். “நல்ல பிள்ளைங்களைக் கொண்டு போய் அவனுங்களோட சேக்கிறதா?” என்று ஓர் ஐயா கேட்டார். ஏற்கெனவே எல்லாரும் ஒரே பள்ளி வேனில்தான் போகிறார்கள், ஐயா. நாற்பது பேர் நடுவில் நான்கு பேர், ஓர் அண்ணன் பார்வையில் பந்தடிப்பது வேறு. பன்னிரண்டு பேரை மட்டும் தனியே அடைப்பது வேறு. முன்னதில் வம்புக் கதைக்குச் சிரிப்புக் கிடைக்காது.

பிள்ளைகளிடம் சொல்ல ஒரு செய்தி இருக்கிறது. அதையும் படம் காட்டிப் பயமுறுத்தாமல் சொல்லலாம். சுகாதார அமைச்சு 2022-இல் எடுத்த கணக்கின்படி, நாட்டில் 13 முதல் 17 வயதுப் பிள்ளைகளில் வேப் பிடிப்பவர்கள் 100-க்கு 14.9. 2017-இல் 9.8 ஆக இருந்தது, ஏறியிருக்கிறது, கவலைதான். ஆனால் நம் பையன்களைக் கேட்டால் “எல்லாருந்தான் பிடிக்கிறாங்க” என்கிறார்கள். எல்லாரும் இல்லை. 100-க்கு 85 பேர் பிடிப்பதில்லை. அந்த 85-இல் ஒருவனாக இருப்பது கேவலமில்லை என்று தெரிந்தால் பல பையன்களுக்கு மூச்சு வரும். கடைக்காரர்களுக்கு ஒரு வார்த்தை: 2024 அக்டோபர் 1 முதல் பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர்களுக்கு வேப், சிகரெட் விற்பது குற்றம். தெரியாது என்று சொல்ல வேண்டாம்.

பட்டியலில் பெண் பிள்ளை ஒருவர் பெயரும் கேட்கவில்லை என்பதைக் கவனித்தீர்களா? பெண் பிள்ளை சத்தம் போடுவதில்லை. அதனால் பிரச்னை இல்லை என்று நினைத்துவிடுகிறோம். அதே 2022 கணக்கில், பதின்ம வயதினரில் நால்வரில் ஒருவர் மனச்சோர்வோடு இருப்பதாகத் தெரிந்தது. வெளியே போகாதே என்று கதவைச் சாத்தினால் மட்டும் பிள்ளை பத்திரமாக இருக்கிறாள் என்று அர்த்தமில்லை. திடலில் பெண் பிள்ளைகளுக்கும் நேரம் ஒதுக்க வேண்டும். தையலோ, நடனமோ, பூப்பந்தோ, அவர்களையே கேட்டு. பேச்சுக் குறைந்து, சாப்பாடு குறைந்து, எதிலும் ஆசையில்லாமல் ஒரு பிள்ளை இருந்தால் என்னிடம் கூட்டி வாருங்கள்; திட்டாமல் கூட்டி வாருங்கள். காட்டுக்கு அடிக்கும் மருந்து எதையும் வீட்டில் கொண்டு வந்து வைக்காதீர்கள். பாராகுவாட் 2020 ஜனவரி முதல் நம் நாட்டில் தடை செய்யப்பட்டது. அது ஒரு சொற்பொழிவும் இல்லாமல் உயிர் காக்கும் காரியம். மற்ற மருந்துகளும் ஸ்டோரிலேயே பூட்டி இருக்கட்டும்.

அப்பாமார்களே, உங்களைப் பற்றியும் ஒரு வரி எழுதாவிட்டால் இந்தப் பேனா என்னைச் சபிக்கும். மேசை மேல் பாட்டிலை வைத்துக்கொண்டு, “டேய், போய் ஐஸ் வாங்கிட்டு வா” என்று மகனை அனுப்புகிறீர்கள். பிறகு அவன் பெயரைப் பட்டியலில் சேர்க்கச் சொல்கிறீர்கள். பட்டியல் ஒன்று போடுவதாக இருந்தால் அது யாரிடமிருந்து தொடங்கும் என்று நான் சொல்ல வேண்டுமா?

இனி அந்த அம்மாவுக்கு. அம்மா, உங்கள் மகனை மூன்று நாளில் திருத்தித் தரும் இடம் எனக்குத் தெரியவில்லை. தெரிந்திருந்தால் நானே கையைப் பிடித்துக் கூட்டிப் போயிருப்பேன். உங்கள் லயத்தில் பதின்ம வயதுப் பிள்ளைகள் உள்ள வீடுகள் ஏழு. ஏழு வீட்டுத் தாய் தகப்பனும் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் உட்கார்ந்து, பள்ளி நாட்களில் இரவு எட்டரைக்கு எல்லாப் பிள்ளையும் வீட்டில் என்று ஒரு முடிவு எடுங்கள். “அவன் வீட்ல விடுறாங்களே” என்று உங்கள் மகன் சொல்ல வழியில்லாமல் போகும். நீங்கள் இரவு வேலைக்குப் போகும் நாளில் யார் வீட்டு அம்மா ஒரு கண் வைத்துக்கொள்வார் என்றும் அங்கேயே பேசுங்கள். உங்கள் மகன் கை வேலைக்காரன். என் மோட்டாருக்கு செயின் மாட்டித் தந்தவன் அவன்தான். பட்டறை வைத்திருக்கும் ஒருவரிடம் பேசியிருக்கிறேன். சனிக்கிழமை காலைகளில் வரச் சொல்லியிருக்கிறார். அவன் இன்னும் சரி என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை.

கூட்டம் வருகிற ஞாயிறு காலை பத்து மணிக்குக் கோயில் மண்டபத்தில். நான் கணக்கைக் காகிதத்தில் எழுதிக் கொண்டு வருகிறேன். முகாம் வேண்டும் என்பவர்களும் வந்து பேசட்டும். பெரும்பான்மை எதுவோ அது நடக்கட்டும். பட்டியல் மட்டும் என்னிடமிருந்து வராது. இனிப்பு நீர் பற்றி அடுத்த இதழில் தவறாமல் எழுதுகிறேன். அதுவரை செருப்பில்லாமல் காட்டுக்குப் போகாதீர்கள்.